எருமைத்துறைக்காரர்கள்

சுவின்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் குடும்பப் பெயருக்குச் சுந்தரராமன் பொருள் எழுதி முடித்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, வலியசாலையில் அவர் வீட்டுக் கூடத்தில் பதினோரு பன்றிகள் வந்து நின்றன. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, மாசி மாதம். அன்று சாலைக் கடைத்தெருவில் சின்ன வெங்காயம் கிலோ எழுபது ரூபாய். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது, கொல்லைக் கதவும் அப்படியே. பன்றிகள் செம்பட்டை ரோமத்தோடு நம்மூர்ப் பன்றிகளைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தன. சோபாவை மோந்து பார்த்தன, டிவி ஸ்டாண்டில் முதுகைத் தேய்த்தன, பூஜை அலமாரிப் பக்கம் மட்டும் போகவில்லை. தெருவில் அதைத்தான் பெரிய ஆறுதலாகப் பேசிக்கொண்டார்கள். பூட்டிய வீட்டுக்குள் பன்றி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஜெயபாய் மட்டும், பன்றி ஏறின வீட்டுக்கு நவராத்திரிக் கொலு பார்க்க இனி எப்படிப் போவது என்று கேட்டாள். அப்போது நவராத்திரிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்தத் தெருவின் கவலைகள் எப்போதும் இந்த உயரத்துக்கு மேல் வளர்ந்ததில்லை.

சுந்தரராமன் அரசு அலுவலகம் ஒன்றின் மொழிபெயர்ப்புப் பிரிவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய ஆங்கிலத்தைக் கேட்க வீட்டில் ஆளில்லாமல் போகவே, தம்பானூரில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்த கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கிலாந்தில் தன் பெயருக்கு என்ன பொருள் என்று தெரியாத ஜனம் ஏராளம். அவர்களுக்குத் தம்பானூர் பொருள் சொல்லி அனுப்பியது. கம்பெனி கொடுக்கும் பட்டியலில் பெயரும் அது எந்தக் கிராமத்திலிருந்து வந்தது என்பதும் இருக்கும். அதை வீட்டிலிருந்தே நான்கு வரி கம்பீர ஆங்கிலமாக்குவது சுந்தரராமன் வேலை. அங்கே அதைச் சட்டம் போட்டு, கேடயமும் சிங்கமும் வரைந்து, ஹாலில் மாட்டிக்கொள்வார்கள். ஷிப்லி என்றால் ஆடு மேயும் வெளி. ஹார்ட்டன் என்றால் சேற்றுப்பட்டி. ஃபுல்ஃபோர்டு என்றால் நாற்றமெடுத்த துறை. சுவின்ஃபோர்டு, பன்றி இறங்கும் துறை. இதற்குச் சிங்கம் வரைந்து மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி நாம் சொல்ல எதுவுமில்லை.

அந்தப் பட்டியலோடு வந்த குறிப்பில் ஒரு விஷயம் இருந்தது. ஊருக்குள் இருப்பவனை யாரும் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஷிப்லியில் இருக்கிற அத்தனை பேரும் ஷிப்லிக்காரர்கள்தான், அங்கே அது பெயராகாது. பிழைப்புக்கு வழியில்லாமலோ அடிதாங்காமலோ ஒருவன் கிளம்பி அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தால்தான், அந்த ஊர்க்காரர்கள் அவனை ஷிப்லி என்பார்கள். ஆக அந்தப் பெயர்களெல்லாம் ஊரை விட்டு ஓடிவந்தவர்களின் பெயர்கள். சுந்தரராமன் இதை வாசித்தார், நன்றாகப் புரிந்துகொண்டார், ஆங்கிலேயர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று முடிவு செய்தார்.

பன்றிகள் வந்ததற்குக் காரணம் எழுத்தல்ல, சிரிப்பு. எழுதும்போது மரியாதையாகத்தான் எழுதுவார், ‘செழிப்பான கால்நடை வளத்தால் புகழ்பெற்ற தொன்மையான நீர்க்கரை’ என்ற மாதிரி. எழுதி முடித்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவி விஜயத்திடம் உள்ளதைச் சொல்லிச் சிரிப்பார். “கேட்டியோ விஜயம், இவன் பன்னித்தொறைக்காரனாம். எரநூறு வருஷம் நம்மள ஆண்டவா லட்சணத்தப் பாரு.” எதைச் சொல்லி இளக்காரமாகச் சிரித்தாரோ, அது வந்தது. புதன்கிழமை ஆடுகள். வெள்ளிக்கிழமை ஹார்ட்டனுக்காகக் கணுக்கால் ஆழத்துக்குக் குளிர்ந்த கறுப்புச் சேறு, அதில் ஒரு மரச்செருப்பு மிதந்தது. ஃபுல்ஃபோர்டின் நாற்றம் மூன்று நாள் நின்றது. கம்பெனி மேனேஜர் சாய் இருபத்தெட்டு வயசுப் பையன், விஷயத்தைப் போனில் கேட்டுவிட்டு, அச்சில் வராதவரை கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்றான். சிரிப்பை நிறுத்தினால் எல்லாம் நிற்கும் என்று விஜயம் இரண்டாவது நாளே கண்டுபிடித்துச் சொன்னாள். சுந்தரராமனால் முடியவில்லை. அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவர் எந்தக் காலத்திலும் பழகியதில்லை.

வந்ததையெல்லாம் வெளியேற்றியவள் மாடம்மாள். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகவே போகிறவள். பன்றிகள் வந்த அன்று சுந்தரராமன் குடையை விரித்து அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தார். ஒரு பன்றி குடையைத் தின்றுகொண்டிருந்தது. மாடம்மாள் தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். “மாமி, அந்தக் கதவத் தொறங்க. வெரட்டுனா ஒடச்சிட்டுப் போவும், கூப்புட்டாத் தானா வரும்” என்று சொல்லி, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். பதினோரு பன்றிகளும் வரிசையாக அவள் பின்னால் போய், கிள்ளியாற்றங்கரையில் இறங்கி, தண்ணீரைத் தாண்டும்போது காணாமல் போயின. பிறகு வந்து கூடத்தைக் கழுவிவிட்டாள். எங்கே பழகின வித்தை என்று விஜயம் கேட்டதற்கு, எங்க ஊர்லதான் மாமி என்றாள். எந்த ஊர் என்று விஜயம் கேட்கவில்லை. அதற்கு முந்திய பதினான்கு வருஷமும் யாரும் கேட்டதில்லை. தமிழ்ச் சீமையிலிருந்து வந்த எந்த ஆள் எதிரே வந்தாலும் முதலில் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு பேசுகிற ஜாதி நாம். ஆனால் அந்தக் கேள்வி வாசல் வழியாக வருகிறவர்களுக்கு உரியது.

சுந்தரராமன் வீட்டாருக்கும் ஓர் ஊர் உண்டு. எருமைத்துறை. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு கால்வாயின் கரையில் இருந்தது. ஆறு தலைமுறைக்கு முன்னால், இரண்டு வருஷம் மழை தவறியதும் சோறு தேடி மலையாளச் சீமைக்குக் கிளம்பி வந்தவர்கள். பத்மநாபசுவாமி கனவில் வந்து அழைத்தார் என்று பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் போய் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஊரை மட்டும் பெயருக்கு முன்னால் விடாமல் வைத்திருந்தார்கள். எருமை என்பது கொஞ்சம் உறுத்தியதால், சுந்தரராமனின் தாத்தா அதன் உண்மையான பெயர் மகிஷ தீர்த்தம் என்றும், தேவி அசுரனை முடித்துவிட்டுக் கை கழுவிய இடம் என்றும் கண்டுபிடித்தார். கல்யாணப் பத்திரிகையில் மகிஷ தீர்த்தம், சர்க்கார் காகிதத்தில் எருமைத்துறை. மகன் அனந்த் இங்கிலாந்து போனபோது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக எருமைத்துறை ஏறியது. அங்கே எவனுக்கும் அர்த்தம் தெரியாது என்பதால் அது கௌரவமாகவே இருந்தது.

மாடம்மாளின் புருஷன் சொரிமுத்து கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுகிறவன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து, ஆற்றங்கரை லைன் வீட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மகள் சுஜா நர்சு படித்தவள். அந்தப் பங்குனியில் அவளுக்கு இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அந்த வீடு நிமிர அதைவிட்டால் வேறு வழி இல்லை. ஒரே ஒரு இடைஞ்சல். அவள் பாஸ்போர்ட்டில் சுஜா என்று மட்டும் இருந்தது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. குடும்பப் பெயர் இல்லாத ஒரு மனுஷியை எங்கள் பதிவேட்டில் ஏற்ற வழியில்லை, மே ஐந்துக்குள் சரி செய்யாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சுவின்ஃபோர்டுகளின் தேசம் இந்த விஷயத்தில் கறாரானது. பெயர்களைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் அவரிடமே கேட்கலாம் என்று அந்தப் பெண் பாஸ்போர்ட் திருத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சுந்தரராமனிடம் வந்தாள். படித்த பெண் அல்லவா, வாசல் வழியாக வந்தாள். அது முதல் தப்பு.

“சர்நேம் இல்லாம ஜாயின் பண்ண பற்றில்லன்னு மெயில் வந்திருக்கு, சார். அப்பா பேரப் போடட்டான்னு கேட்டேன், அது வேண்டாம், ஊரு பேரப் போடுன்னு அப்பா சொல்லிச்சு. இதை ஒண்ணு நோக்கித் தருவீங்களா?” என்றாள் சுஜா, மலையாளம் கலந்த தமிழில். சுந்தரராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். குடும்பப் பெயர்க் கட்டத்தில் உருண்டை எழுத்தில் எருமைத்துறை என்று இருந்தது. ஆஸ்பத்திரி இருந்த ஊரும் அவருக்குத் தெரிந்த ஊர்தான். அனந்த் வீடு வாங்கியிருந்த ஊர்.

அவர் அன்று சிரிக்கவில்லை. இது எங்கள் குடும்பப் பெயர், இதில் கை வைக்காதே, வேறு ஏதாவது போட்டுக்கொள் என்றார். எங்க ஊரும் அதானே சார் என்றாள் சுஜா. அவளுக்கு அது பெரிய சந்தோஷமான செய்தியாக இருந்ததுதான் கொடுமை. ஒரே ஊர்க்காரர்கள் என்று தெரிந்தால் காப்பி கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். சுந்தரராமன் கதவைக் காட்டினார். அன்று மத்தியானமே, தன் உத்தியோக காலத்தின் மொத்த ஆங்கிலத்தையும் திரட்டி, மூன்று பக்க ஆட்சேபணை எழுதி பாஸ்போர்ட் ஆபீசுக்கு அனுப்பினார். நூற்றைம்பது வருஷமாக எங்கள் வம்சம் தாங்கி வரும் பெயரை, சம்பந்தமில்லாத ஒரு பெண் பொய்யாகச் சூட்டிக்கொள்ளப் பார்க்கிறாள் என்பது சாரம். அதோடு அவள் விண்ணப்பம் நின்றது. நேரில் விசாரித்து முடிவு செய்யப்படும் என்று பதில் வந்தது. விசாரணைத் தேதி ஏப்ரல் இருபது. மாடம்மாள் மறுநாளும் வந்து பாத்திரம் தேய்த்தாள். பாத்திரத்தின் சத்தம் கூடியிருந்தது விஜயத்துக்கு மட்டும் கேட்டது.

“அந்தப் பொண்ணு போய்ப் பொழச்சுக்கட்டும்னா. பேரென்ன, இன்னொருத்தி சொன்னாத் தேஞ்சா போயிடும்?” என்றாள் விஜயம்.

“அங்க அனந்த்கிட்ட நாலு பேர் கேப்பா, அவ உனக்குச் சொந்தமான்னு. அவன் என்னத்தச் சொல்லுவான்?”

“சொந்த ஊர்க்காரின்னு சொல்லட்டுமே.”

சுந்தரராமன் அந்த அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தவில்லை. விசாரணைக்குத் தயாராவதற்காக, தன் பெயருக்குத் தானே பொருள் எழுதினார். மகிஷ தீர்த்தம், தேவி கை கழுவிய புண்ணியத் துறை, வேத கோஷம் எழும் இரு கரைகள். பன்றிக்கும் ஆட்டுக்கும் வந்த வரம் தன் ஊருக்கு வராமல் போகாது, தீர்த்தம் கூடத்துக்கே வந்துவிட்டால் அதைவிடச் சாட்சி வேண்டாம் என்று கணக்குப் போட்டார். பட்டுக்கரை வேட்டி உடுத்தி, வெள்ளிச் சொம்பைக் கையில் பிடித்து, காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை கூடத்தில் நின்றார். ஒரு சொட்டு ஈரம் வரவில்லை. அன்று காலை குழாயில்கூடத் தண்ணீர் வரவில்லை, ஆனால் அது தெரு முழுவதற்கும் வராததுதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் ராஜஸ்ரீ. லைன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு தரப்பையும் கேட்டார். சுந்தரராமன் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரத்தைக் காட்டினார், அதில் ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தது. சொரிமுத்துவிடம் காகிதம் இல்லை. எருமைத்துறை பக்கத்துப் பஞ்சாயத்தோடு சேர்க்கப்பட்டு நாற்பது வருஷம் ஆகியிருந்தது, ரேஷன் கார்டில் புதுப் பெயர்தான் இருந்தது. “நா பொறந்தது அங்கதான் மேடம். எங்கய்யா, எங்க தாத்தா எல்லாம் அங்கதான். அதுக்கு எதக் காட்ட?” என்று கட்டிலில் படுத்தபடி கேட்டான். ராஜஸ்ரீ நல்ல மாதிரிதான், ஆனால் நல்ல மாதிரிக்கும் காகிதம் வேண்டும். பேனாவைத் திறந்தார். சுஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மே ஐந்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் சுந்தரராமன் ஜெயித்திருப்பார். ஜெயிப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை.

“மேடம், இவா அங்க என்ன பண்ணிண்டிருந்தான்னு கேளுங்கோ. எருமைத்தொறைன்னா என்ன? எருமை எறங்கற சேத்துத்தொறை. இவா அதுல எருமை குளிப்பாட்டினவா. இவாளுக்கு ஒரு குடும்பப் பேரு!” என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தார்.

முற்றத்தின் கிழக்கு மூலையில், துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே, முதலில் மண் ஈரமானது. பிறகு ஒரு சரிவு உண்டாகி, அதன் அடியில் பதினைந்தடி அகலக் கால்வாய் ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் தாழம்புதர். கரையில் தேய்ந்த நான்கு கல்படி. தண்ணீரிலிருந்து மூக்கும் கொம்புமாக ஒவ்வொன்றாய் எழுந்து நாற்பத்தோரு எருமைகள் கரையேறின. முன்னால் வந்த கிழட்டு எருமை ராஜஸ்ரீயின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போய், சொரிமுத்துவின் உள்ளங்கையை நக்கியது. அவன் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தான். இடுப்பு குணமானதால் அல்ல, வலியை மறந்துவிட்டான். மாடம்மாள் நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்தாள். நாற்பத்தோரு தலையும் திரும்பின. சுஜாவை ஒரு கன்று முட்டியது, பிறந்தது முதல் அந்த ஊரைப் பார்த்திராத அவளையும் அதற்குத் தெரிந்திருந்தது. பிறகு எருமைகள் சுந்தரராமனிடம் வந்தன. அவரை மோந்தன. பட்டுக்கரை வேட்டியை மோந்தன, கிரயப் பத்திரத்தை மோந்தன. மின்கம்பத்தைத் தாண்டிப் போவது போல அவரைத் தாண்டிப் போய் நிழலில் படுத்தன. முட்டக்கூட இல்லை. ஒரு முட்டு முட்டியிருந்தால் அதையாவது உறவு என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ராஜஸ்ரீ சேறு படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, விண்ணப்பதாரரின் ஊரை நேரில் பார்த்தேன், ஆட்சேபணைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி ‘சுஜா எருமைத்துறை’ விமானம் ஏறினாள். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குத்தான் ஊர்ப் பெயர் என்று சுந்தரராமன் வாசித்த குறிப்பு, அப்படியாக அவர் செலவிலேயே நிரூபணமானது.

கால்வாய் திரும்பிப் போகவில்லை. நகரசபையிலிருந்து அளந்துவிட்டுப் போனார்கள், வரைபடத்தில் நீலக் கோடாக ஏற்றிவிட்டார்கள். மாடம்மாள் பாத்திரம் தேய்ப்பதை விட்டாள், நாற்பத்தோரு எருமையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வாள். வலியசாலைக்கு இப்போது கட்டியான எருமைத் தயிர் கிடைக்கிறது. பன்றி ஏறிய வீட்டைப் பற்றிக் கவலைப்பட்ட ஜெயபாய்தான் முதலில் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றவள். ஒரு நாள் சுஜா வீடியோ காலில் ஒரு விஷயம் சொன்னாள். அவள் வார்டில் ஒரு கிழவர், பெயர் சுவின்ஃபோர்டு, அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம். எருமை இறங்கும் துறை என்றாளாம். எனக்குப் பன்றி என்றாராம் அவர். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். வார்டில் ஒன்றும் வரவில்லை, தரை சுத்தமாகவே இருந்தது.

தம்பானூருக்குப் போகிற குறுக்குவழியில் இப்போது அந்தத் துறையைத் தாண்ட வேண்டும். எருமைகள் படியை அடைத்துப் படுத்திருக்கும், மாடம்மாள் சொன்னால்தான் எழும். அந்தத் துறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் ஊர் கேட்டுத்தான் விடுவார்கள். எழுதியதைக் கம்பெனியில் கொடுக்கத் தினமும் போகிற சுந்தரராமன் முதல் ஒரு மாதம் பெரிய ரோடு வழியாகச் சுற்றிப் போனார். முழங்கால் வலி வந்தபின் இந்த வழிக்கு வந்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் நிற்கிறார். பதினான்கு வருஷம் அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், அவரை முன்பின் பார்த்தறியாதவள் மாதிரி, “எந்த ஊரு சாமி?” என்று கேட்கிறாள். முதல் நாள் மகிஷ தீர்த்தம் என்றார். எருமைகள் அசையவில்லை. இரண்டாம் நாள் எருமைத்துறை என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஒரு எருமை காதை ஆட்டியது, அதுவும் ஈக்காக. மூன்றாம் நாள் கம்பெனிக்கு நேரமாகிவிட்டதால், யோசிக்காமல், வலியசாலை என்றார். மாடம்மாள் நாக்கை மடித்துச் சத்தம் கொடுத்தாள், எருமைகள் எழுந்து வழிவிட்டன. இப்போதெல்லாம் கேட்டவுடனே அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்.